தொடாமல் விட்ட பிஹெச் பேப்பர்

1. நார்மல் என்று எழுதியது

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு லேடி டாக்டரின் கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பிலோமினா ஒரு நாள் வந்தாள். வெள்ளைப்படுதல், நாற்றம். புருஷன் மீன் லாரி ஓட்டி ஊர் ஊராகப் போகிறவன் என்பதால் டாக்டர் எச்.ஐ.வி. டெஸ்டும் எழுதியிருந்தார். அது நெகடிவ்.

மிச்சமிருந்தது ஸ்வாப், பஞ்சுக் குச்சியால் பெண்ணுறுப்பின் உள்ளிருந்து எடுத்த ஈரம். அதை பிஹெச் பேப்பரில் தொட வேண்டும். மஞ்சளாகவே நின்றால் உள்ளே புளிப்பு சரியாக இருக்கிறது, பச்சையானால் குறைந்துவிட்டது. அரை நிமிஷ வேலை.

நான் தொடவில்லை. எங்கள் வீட்டில் மீன் வாசனையே ஆகாது. நாற்றம் அவள் கூடையிலிருந்து வருகிறது என்று நானாகவே முடிவு கட்டி, நார்மல் என்று எழுதிவிட்டேன். போதாததற்கு உபதேசம் வேறு.

"நன்னா உள்ள வரைக்கும் அலம்பும்மா. சரியாப் போயிடும்."

"மீன் கூடை தூக்கறவ கிட்ட மல்லிப்பூவா சிஸ்டர் மணக்கும்? எங்க வூட்டுக்காரரும் அதான் சொல்லிக்கினு கீறாரு" என்று சிரித்தாள்.

2. பச்சை

ஒரு வருஷம் கழித்துப் புருஷனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அவளுக்கும் எடுத்தோம். பாசிடிவ். நம்ப மனமில்லாமல் மறுபடி போட்டேன். அதே பாசிடிவ். அன்றைக்குத்தான் புது ஸ்வாப் எடுத்து பிஹெச் பேப்பரில் தொட்டுப் பார்த்தேன். கரும்பச்சை.

"எதைப் போட்டு அலம்பினே?"

"சோப்பு, அப்பால புண்ணு கயுவற மருந்துத் தண்ணி. நீ சொன்னாப்ல தெனம் ரெண்டு வேள. ஒரு நாள் வுடல சிஸ்டர்."

பாலைத் தயிராக்கும் கிருமிகளின் உறவுக்காரக் கிருமிகள்தான் பெண்ணுடம்புக்குள் புளிப்பைக் காக்கின்றன. அந்தப் புளிப்பில் எச்.ஐ.வி. உட்பட வெளிக்கிருமிகள் பிழைப்பது கடினம். அது குறைந்தால்தான் மீன் கவிச்சி போலவே நாற்றம் வரும். அவளுக்கு அப்போதே குறைந்திருக்க வேண்டும். மிச்சமிருந்ததையும் என் பேச்சைக் கேட்டு அவளே கழுவிக் கொட்டியிருக்கிறாள்.

நோயைக் கொண்டுவந்தவன் புருஷன்தான். புளிப்பு இருந்திருந்தால் தப்பியிருப்பாளா என்றால், தெரியாது. ஆணுறைதான் நிச்சயமான காவல், அதையும் நான் சொல்லவில்லை.

லேபுக்கு வரும் பிள்ளைகளே, மூக்கை நம்பி ரிப்போர்ட் எழுதாதீர்கள். உள்ளே எதையும் ஊற்றிக் கழுவச் சொல்லாதீர்கள், வெளியே வெறும் தண்ணீர் போதும்.

அன்றைக்குக் கிளம்பும்போது பிலோமினா கேட்டாள்: "நான் சரியா கயுவலியா சிஸ்டர்?"