பவுனு கடைசியாகச் சொன்னது

ஓடைப்பட்டியில் தேவயானியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன புள்ள, சீமைக்குப் போறியா, இல்லையா?" மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கேட்பார்கள். பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். கொரோனாவில் ஊரே மூச்சு முட்டிக் கிடக்கும்போது இங்கிலாந்தில் போய் எம்.பி.ஏ. படிக்கணுமாக்கும் என்று ஒரு கட்சி. கிடைத்த சீட்டை விடுகிறவள் மடச்சி என்று இன்னொரு கட்சி. ஓசி யோசனைக்கு மட்டும் எந்த லாக்டவுனும் கிடையாது பாருங்கள்!

"பாப்போம்" என்பாள் தேவயானி.

போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். இதே ஏலக்காயை நாமே நேராக வெளிநாட்டுக்கு விற்றால் என்ன என்று தோன்றித்தான் அந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். ஏப்ரலில் சீட்டு கிடைத்த அன்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் மிரண்டு குரைத்தது. மே மாதம் அம்மா பவுனுவைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு தேவயானிக்கு எதுவுமே உறைக்கவில்லை. அழுகைகூட வரவில்லை. தின்றாள், தூங்கினாள், லேப்டாப்பைத் திறந்து மூடினாள். இந்த வருஷமே வருகிறாயா, இல்லை இடத்தை விட்டுக்கொடுக்கிறாயா, வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்று பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்தது. வேறு யாருக்கோ வந்ததைப் போல அதைப் படித்தாள்.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் போனைப் பிடித்துக்கொள்ள, ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அம்மா பேசிய கடைசிப் பேச்சு. முக்கால்வாசி இரைச்சல். காதில் விழுந்தது இவ்வளவுதான்: "இந்தா... போக வேணாம்."

வெள்ளிக்கிழமை காலையில் தூக்குவாளியில் டீ எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். அப்பா செல்லப்பாண்டி திராட்சைப் பந்தலுக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருந்தார். கவாத்து வெட்டினால்தான் கொடி புதிதாகத் துளிர்த்துக் காய் பிடிக்கும். அவர் இன்னும் கத்தரியைத் தொடவில்லை. பந்தல் புதராய்க் கிடந்தது.

"நான் போகலப்பா."

"ஏன் புள்ள?"

"அம்மா வேணாம்னு சொல்லிருச்சு." போனில் கேட்டதை அப்படியே சொன்னாள்.

செல்லப்பாண்டி டீயைக் கீழே வைத்தார். "போக வேணாம்னா சொன்னா? ஏ புள்ள, 'இந்தப் போகம் வேணாம்'னு சொல்லியிருக்கா. ஆம்புலன்சுல ஏறையில எங்கிட்டயும் அதத்தேன் சொன்னா. இந்தப் போகம் கவாத்து வெட்ட வேணாம், கொடி கெடக்கட்டும்னு."

மூன்று போகம் விளைகிற ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த ஒரு 'ம்' கேட்காமல் போயிருக்கிறது.

இத்தனை நாளும் மரத்துக் கிடந்த நெஞ்சில் முதலில் வந்தது கோபம்தான். "சாகக் கெடக்கையிலயும் அதுக்குத் திராட்சதானா? எனக்குன்னு ஒண்ணுமே சொல்லலியாப்பா?"

"கூறுகெட்ட கழுத." அவர் தலைக்கு மேலே தொங்கிய கொடியைக் காட்டினார். "கொடி கட்டுறதும் திராட்சக் கொல கழிக்கிறதும் இம்புட்டு நாளா யாரு? நீயும் அவளும்தேன. 'புள்ள சீமைக்குப் போயிருவா, நான் எந்திரிக்க நாளாகும், நீங்க ஒத்தையில என்ன செய்வீக'ன்னா. நீ போகணும்னுதேன் ஆத்தா, அவ போகம் வேணாம்னா."

தேவயானி பந்தலின் கல்தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள். மே மாதம் வந்திருக்க வேண்டிய அழுகை. செல்லப்பாண்டி அவளைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, வருகிறேன் என்று பதில் அனுப்பினாள். பவுனு சொன்னபடியே அந்தப் போகம் கொடி சும்மா கிடந்தது.