சுவரைப் பார்க்கும் மனிதர்

எங்கள் பாச்சாங் வட்டாரத்தில் கைப்பேசி பழுது பார்ப்பவர் அவர். நெற்றியில் விளக்கு, மூக்கு நுனியில் கண்ணாடி. யாராவது ரகசிய எண்ணைத் தட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

டிவி நாடகத்தில் வில்லன் மூன்றே பொத்தானைத் தட்டி நாயகியின் கைப்பேசி வழியே அவள் சமையலறையைப் பார்த்துவிட்டான். பயந்துபோய் என் கைப்பேசிக் கேமராவில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"அண்ணே, என்னையும் எவனாச்சும் பார்க்கிறானான்னு பாருங்க."

அவர் கைப்பேசியைத் திருப்பினார். "கேமராவுக்குப் பிளாஸ்டர் போட்டீங்க, சரி. ரகசிய நம்பர ஏன்க்கா கவர்ல எழுதி வச்சிருக்கீங்க?"

"மறந்துடுமேன்னுதான்."

"வில்லனுக்கு வேலையே வைக்கல லா நீங்க!"

கடையே சிரித்தது. அவர் எழுத்தைத் துடைத்துவிட்டுப் புது எண் போடச் சொன்னார். நான் போட்டு முடிக்கும்வரை சுவரில் தொங்கிய போன வருடக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஓர் ஆளை எந்த நாடகத்திலும் காட்டுவதில்லை. காட்டினால் கதை ஓடாது போல.