மகேஸ்வரியின் கடிதத்தில் நான் எழுதாமல் விட்டது

1. முதல் நாள்

மகேஸ்வரி எங்கள் கிளினிக்குக்கு வந்த முதல் நாளே வாந்தி எடுத்தாள். ஒரு சர்க்கரை நோயாளியின் காலில் டிரெஸ்ஸிங் பிரித்துக்கொண்டிருந்தேன். நாற்றம் தாங்காமல் வெளியே ஓடியவள், வாயைக் கழுவிக்கொண்டு உடனே திரும்பி வந்தாள்.

"இன்னொரு தடவ காட்டுங்க சயாமா" என்றாள். பர்மாவில் டீச்சரையும் நர்ஸையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அது தாமுவே பேட்டையில் நன்கொடையில் நடக்கும் இலவச கிளினிக். அரசு ஆஸ்பத்திரியில் ரிட்டையர் ஆன பிறகு அங்கே இன்சார்ஜாக இருந்தேன். மகேஸ்வரிக்கு வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க ஆசை. அவள் குறி வைத்திருந்த கல்லூரிக்கு மார்க் மட்டும் போதாது. நோயாளிகளோடு இருந்த அனுபவம் வேண்டும், அதற்குக் கிளினிக்கின் கடிதமும் வேண்டும். சனிக்கிழமைகளில் ஓ.பி.யில் டாக்டர் பின்னால் நின்று பார்ப்பாள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டு விசிட்டுக்கு அனுப்பினேன்.

2. "காந்துது"

விசிட் என்றால் பெரும்பாலும் அலோன் பேட்டையில் இருந்த முனியாண்டி என்ற பெரியவர்தான். ஹார்பரில் மூட்டை தூக்கியவர். ஸ்ட்ரோக் வந்து படுத்ததிலிருந்து பர்மியப் பேச்சு முழுக்கப் போய்விட்டது. தமிழ் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. கூட இருந்தது பர்மிய மருமகள். அவளுக்குத் தமிழ் தெரியாது. கிளினிக்கில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் மகேஸ்வரியும் மட்டும். நான் ஓ.பி.யை விட்டு நகர முடியாது. அதனால் அவள் போனாள். உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, யூரின் பேக் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது என்று ஏறக்குறைய ஒரு வருஷம் செய்தாள்.

ஒரு நாள் அவர் "காந்துது, காந்துது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புழுக்கமாக்கும் என்று மருமகள் விசிறிக்கொண்டிருந்தாள். மகேஸ்வரிக்கும் அந்தச் சொல் தெரியாது. அவள் வயசுப் பிள்ளைகளுக்குப் பர்மியம்தான் சரளம். அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"புண்ணு மேல உப்புத் தண்ணி பட்டா எப்படி இருக்கும்? அதும்மா" என்றாராம் அவர்.

உடனே பெரியவரை ஒருக்களிக்க வைத்துப் பார்த்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே தோல் கிழிந்து பெட் சோர் ஆரம்பித்திருந்தது. அன்றைக்கே டாக்டர் போய்ப் பார்த்தார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் எலும்புவரை போயிருக்கும் என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

3. கடிதம்

கடிதத்தை எழுதியது நான். டாக்டர் கையெழுத்து மட்டும் போட்டார். ஓ.பி.யில் நின்ற சனிக்கிழமைகள், பார்த்த கேஸ்கள், பி.பி. எடுக்கத் தெரியும் என்பது எல்லாம் எழுதினேன். மகேஸ்வரி படித்துப் பார்த்துவிட்டு, பெரியவர்களுக்குப் பர்மியத்தில் வைக்கும் மரியாதைச் சொல்லான 'ஊ' சேர்த்துக் கேட்டாள்.

"ஊ முனியாண்டி வீட்டுக்குப் போனதப் போடலையா சயாமா?"

"அது ஆயா வேலைம்மா. டாக்டருக்குப் படிக்கப் போற பொண்ணு மூத்திரப் பை மாத்துச்சுன்னு எழுதினா கேவலமா நெனைப்பாங்க."

"நான் அதுதானே ஜாஸ்தி செஞ்சேன்."

"ஆஸ்பத்திரியில எத்தன வருஷம் இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

அவள் கடிதத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டாள். என் அம்மா ஆஸ்பத்திரி ஆயா. பெட் பேன் கழுவித்தான் என்னை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மகேஸ்வரிக்கு நல்லது செய்வதாக நினைத்து, என் கூச்சத்தைத்தான் அவள் கடிதத்தில் வைத்தேன்.

4. பேட்டி

பேட்டி வீடியோ காலில் நடந்தது. அவள் வீட்டில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாததால், பேட்டரி இருந்த எங்கள் ஆபீஸ் அறையைக் கொடுத்தோம். நான் திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றேன். எனக்கு ஆங்கிலம் கேட்டால் புரியும்.

நீ கவனித்துக்கொண்ட ஒரு நோயாளியைப் பற்றிச் சொல் என்றார் ஒரு அம்மாள். மகேஸ்வரி முனியாண்டியைப் பற்றிச் சொன்னாள். "காந்துது" கதையையும் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். பிறகு அந்த அம்மாள், கிளினிக் கடிதத்தில் நீ டாக்டர் அறையில் பார்த்துக்கொண்டிருந்ததாக மட்டும்தானே இருக்கிறது என்று கேட்டார்.

மகேஸ்வரி கதவுப் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். "விட்டுப்போயிருக்கலாம்" என்று மட்டும் அவர்களுக்குப் பதில் சொன்னாள்.

உள்ளே போய், அந்தக் கடிதம் எழுதினவள் நான், விட்டது என் தப்பு என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை ஆங்கிலம் போதும். குறுக்கே போவது மரியாதையில்லை, என் ஆங்கிலம் தப்பாக வரும் என்று என்னென்னவோ தோன்றியது. அங்கேயே நின்றுவிட்டேன்.

இடம் கிடைக்கவில்லை. சொன்ன அனுபவத்துக்குச் சான்று இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். பிறகு நான் திருத்தக் கடிதம் அனுப்பினேன். முடிவு சொன்ன பிறகு எதையும் சேர்க்க முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

இந்த மாதிரிக் கடிதம் எழுதும் பொறுப்பு வரும் நர்ஸ்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் செய்ததை எல்லாம் எழுதுங்கள். எது பெரிய வேலை, எது சின்ன வேலை என்று நாம் தரம் பிரிக்க வேண்டாம். படிக்கிறவர்கள் பிரித்துக்கொள்வார்கள். நோயாளி பக்கத்தில் அவர்கள் செலவழித்த நேரத்துக்கு நாம் மட்டும்தான் சாட்சி.

போன மாதம் மகேஸ்வரி வந்தாள். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறாளாம், அனுபவக் கடிதம் வேண்டும் என்றாள். உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். நின்றபடியே படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க சயாமா. ஏஜென்ஸில ஒரு பக்கம் போதும்ன்றாங்க. எதக் குடுக்க?"

"நீயே பாத்து எடுத்துக்கம்மா" என்றேன்.

முனியாண்டியைப் பற்றிய பக்கத்தை மட்டும் எடுத்து மடித்துக்கொண்டாள். மற்ற இரண்டையும் என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள்.