கிளவுடுக்கு ஆயுத பூஜை

அட, அந்த மேனேஜர் கத தானே வசந்தா? அத அரகொறயா கேட்டுக்கினு சிரிக்கிற, முழுசா கேளு. நான் நாவலூர் கம்பெனில டீ போட்டுக்கினு இருந்தப்போ நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாட்டி இன்னா, டீ குடுக்குற எடத்துல கம்பெனி மொத்தமும் காதுல வுழும்.

அங்க ஸ்டெல்லானு ஒரு பொண்ணு, இரும்புலியூரு. அவங்கம்மா டீச்சரு, நல்லா மீன் கொழம்பு வெப்பாங்க, அது கெடக்கட்டும். பொண்ணுக்கு வேல இன்னும் கன்ஃபர்ம் ஆவல. அமெரிக்கா கடைக்காரன் ஒருத்தனோட பில்லையெல்லாம் கணக்கு பாக்க, கிளவுடுல சர்வருங்கள வாடகைக்கு எடுத்து, ஒண்ணா கோத்து வெச்சிருந்தா. கிளஸ்டராம். "கல்யாண சமையல் மாதிரி ஆயா. ஒரே அடுப்புல முடியாது, பல அடுப்புல பிரிச்சி வெச்சி ஒரு மாஸ்டர் பாத்துக்குவாரு"ன்னா. புரிஞ்சிடுச்சி. அன்னிக்கு சாயங்காலம் கடைக்காரனுக்கு ஓட்டிக் காட்டணும். ஓடினா வேல நெலைக்கும், இல்லாட்டி வூட்டுக்குப் போவணும்.

அன்னிக்குன்னு பாத்து ஆபீஸ்ல ஆயுத பூஜ. மேனேஜர் சார் சந்தனம் குங்குமம் கிண்ணத்த தூக்கிக்கினு பிரிண்டருக்கு பொட்டு, ஏசிக்கு பொட்டு, என் ஃபிளாஸ்குக்கும் பொட்டு. "சர்வர் எங்கப்பா?"ன்னாரு. "அமெரிக்கால கீது சார்"னு பசங்க சிரிச்சானுங்க. மனுஷன் விடுவாரா? ஸ்டெல்லா இன்னும் வரல, அவ ஸ்கிரீன்ல தெரிஞ்ச சர்வர் பேருக்கெல்லாம் வரிசையா பொட்டு வெச்சாரு. "பூஜை முடிஞ்சா ஆயுதம் ரெஸ்ட் எடுக்கணும், சாயங்காலம் ஆன் பண்ணிக்கலாம்"னு சொல்லி, தன் பாஸ்வேர்டப் போட்டு எல்லாத்தையும் நிறுத்திட்டாரு.

வாழக்கன்னு கட்டின லாரிங்க ரோட்ட அடைச்சிக்கினதுல ஸ்டெல்லா லேட்டா வந்தா. ஸ்கிரீனப் பாத்தா. மூஞ்சி வெளுத்துப் போச்சி.

"சார், இது ஆஃப் ஆவல. போயே போச்சி."

"ஆன் பண்ணும்மா!"

"வாடகை மிஷின் சார். நாம விட்டா வாடகைக்கு குடுத்தவன் திருப்பி எடுத்துக்குவான். உள்ள இருந்ததும் அதோட போச்சி."

வாடகை அண்டாவ சாம்பாரோட திருப்பிக் குடுத்த கதையால்ல கீது!

பொண்ணு அழுவல. ரெண்டு பசங்கள பக்கத்துல உக்கார வெச்சி, புது சர்வர் எடுத்து, மொதல்லேர்ந்து கோத்தா. குங்குமத்த தொடைக்கப் போய் ஸ்கிரீன் பூரா இழுவிடுச்சி, அந்த செவப்புலயே வேல. சார் வேலையா? "ஆச்சாம்மா? ஆச்சாம்மா?" அதான்.

சாயங்காலம் கடைக்காரன் லைனுக்கு வந்தான். ஓடிச்சி வசந்தா! "எல்லாம் புதுசா தெரியுதே?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டானாம். நம்ம சாரு கூச்சமே இல்லாம, "வேணும்னே அழிச்சி திரும்பக் கட்டி டெஸ்ட் பண்ணோம்"னாராம். அவன் கை தட்டினான், காண்ட்ராக்ட் கெடச்சிது. சாரு லட்டு டப்பாவோட கேபின்லேர்ந்து வந்தாரு, இவரு தான் அடுப்பு ஊதின மாதிரி.

ஸ்டெல்லா லட்ட எடுக்கல. "ரெண்டு வேணும் சார். என் கன்ஃபர்மேஷன் லெட்டர், அப்புறம் உங்க பாஸ்வேர்டு."

ரெண்டையும் குடுத்தாரே!

அதுலேர்ந்து நான் கத்துக்கினது இன்னான்னா, பொட்டு வெக்கிறவங்கள வெக்க விடு, சுவிட்சு கிட்ட மட்டும்... ஐயையோ, தண்ணி லாரி வந்துட்டான், கொடத்த எடுடீ வசந்தா, ஓடு!