நர்ஸம்மா வாசலில் கிடந்த ஷூ

சோணையம்மாளின் பாதம் முறம் மாதிரி இருக்கும். நீளம் அதிகமில்லை, அகலந்தான். ஐந்து விரல்களும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளைப் போல ஆளுக்கொரு பக்கம் விலகி நிற்கும். மழை பெய்த மறுநாள் ஊருணிக் கரையில் பதிந்த தடத்தை வைத்தே, நர்ஸம்மா எந்தப் பக்கம் போயிருக்கிறாள் என்று ஊரார் சொல்லிவிடுவார்கள். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே கிடையாது, சர்க்கார் சைக்கிள் வந்து சேருகிற வரைக்கும்.

ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவே, கடலை ஒட்டிய ஒரு சிற்றூரில் அவள் பிரசவ விடுதி நர்ஸ். கல்யாணமான மறு வருஷமே புருஷன் கொழும்புக்குக் கப்பலேறினான். போனவன் போனவன்தான். அவன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிராமல் மதுரைக்குப் போய்ப் படித்து, வேலையோடு வந்தவள் அவள். சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய்க்கொண்டிருந்தவளுக்கு ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு லேடீஸ் சைக்கிள் கொடுத்தார்கள். உப்பளத்துத் தரையில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகிக்கொண்டாள்.

ஓட்டுவது வந்துவிட்டது, மிதிப்பதுதான் பாடாக இருந்தது. கைமாறி வந்த பழைய சைக்கிள். பெடலில் ரப்பர் தேய்ந்து இரும்புப் பல் மட்டும் இளித்துக்கொண்டிருந்தது. வெறுங்காலை வைத்தால் கடித்தது. செருப்புப் போட்டு மிதித்தால் அது பாதி வழியில் கழன்று மணலில் விழுந்தது. கீழே இறங்கினால் கருவேல முள். "இதுக்கு நடந்தே போயிறலாம்" என்று அலுத்துக்கொண்டவள், சம்பளம் வாங்கப் போன அன்று ராமநாதபுரத்தில் குருநாதன் என்பவரின் செருப்புக் கடைக்குள் நுழைந்துவிட்டாள்.

குருநாதன் பெண்கள் போடுகிற ஷூ எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் சோணையம்மாளின் கால் பாதி தூரம் போய், கல்யாண வீட்டுக் கதவில் சிக்கிய கட்டில் மாதிரி நின்றுகொண்டது. கடைசி ஜோடியில் கொஞ்சம் பலம் காட்டியதில் தையல் 'பர்' என்றது.

"பொம்பளையளுக்கு இதுக்கு மேல பெருசு கிடையாதும்மா" என்று குருநாதன் அவசரமாக ஷூவைப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

சோணையம்மாளின் கண் எதிர் அலமாரிக்குப் போனது. போலீஸ்காரர்கள் போடுகிற மாதிரி பழுப்பு கான்வாஸ் ஷூ, பரந்த மூக்கோடு உட்கார்ந்திருந்தது.

"அதை எடுங்க."

"அது ஆம்பளைக்குல்ல?"

"ஆம்பளைக்குத்தான். எங்க வீட்டுக்காரருக்கு."

"அவுக வரலையா? அளவு தெரியணுமே."

"என் கால் அளவுதான் அவுகளுக்கும்."

குருநாதன் அவள் காலை ஒருமுறை பார்த்தார், முகத்தை ஒருமுறை பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே அளவா?"

"பொருத்தம் பாத்துத்தான கட்டி வச்சாக" என்றாள் சோணையம்மாள், சிரிக்காமல். "குடுங்க, நான் போட்டுப் பாக்குறேன். அவுகளுக்குக் கடிச்சா வசவு எனக்குத்தான்."

கால் உள்ளே போனது. எங்கும் முட்டவில்லை. விரல்கள் ஐந்தும் தத்தம் இடத்தில் சாவகாசமாக உட்கார்ந்தன. முன்னால் கொஞ்சம் நீளம் மிஞ்சியது. அதற்குத்தான் விடுதியில் பஞ்சு இருக்கிறதே! கயிற்றை இழுத்துக் கட்டி நாலடி நடந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து காலுக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் ஆம்பளை ஷூவோடு ஊருக்குள் போக வெட்கமாக இருந்தது. அதனால் ஊரெல்லை தாண்டும் வரை வெறுங்காலோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவாள். உடைமுள் மரத்து மறைவில் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வாள். திரும்பும்போது அதே மறைவில் கழற்றிப் பைக்குள் வைப்பாள். நடுவில் உள்ள தூரத்தில் கடற்காற்றை எதிர்த்து, பெடல் எது, பாதம் எது என்று தெரியாமல் பறப்பாள். வழியில் வெள்ளாட்டு மந்தை வந்தாலும் கால் ஊன்றுவதில்லை, மணியடித்தே விலக்கிவிடுவாள்.

ஒரு மழை நாளில் ஷூ நனைந்துபோயிற்று. காயட்டும் என்று விடுதிக் குடியிருப்பின் வாசற்படியில் வைத்திருந்தாள். அதைப் பக்கத்து வீட்டு ராமலெட்சுமி பார்த்துவிட்டாள். விடுதி ஆயா வெள்ளையம்மாள் தண்ணீருக்கு வந்த நேரம் கிணற்றடியிலேயே மடக்கினாள்.

"ஏண்டி, நர்ஸம்மா வாசல்ல ஆம்பளை ஷூ கெடக்கு?"

வெள்ளையம்மாளுக்கு உண்மை தெரியும். பஞ்சு அடைத்துக் கொடுத்ததே அவள்தான். ஆனால் அன்று காலையிலிருந்து அவளுக்குப் பொழுது போகவில்லை. குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடாதக்கா. அவுக தூங்குறாக" என்றாள்.

"யாருடி?"

"கொழும்புக்காரவுக."

இடுப்புக் குடம் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி ஊர் முழுக்கப் போய்விட்டது. சோணையம்மாளுக்குத் தெரிந்தபோது ஆயாவை அடிக்கக் கை ஓங்கினாள். அதற்குள், வாரம் ஒருமுறை சத்து மருந்து கேட்கிற சாக்கில் வந்து நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்த பஞ்சாயத்து குமாஸ்தா செல்லச்சாமி, படியில் ஷூவைக் கண்டு தெருவோடு திரும்பிப் போவதை ஜன்னல் வழியே பார்த்தாள். ஓங்கிய கை இறங்கிவிட்டது.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அது முதல் ஷூ நனைந்தாலும் நனையாவிட்டாலும் வாசலில் காய்ந்தது. மாப்பிள்ளைக்கென்று ராமலெட்சுமி நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். நர்ஸும் ஆயாவும் கதவைச் சாத்திக்கொண்டு, ஓடு உடைக்கிற சத்தம் வெளியே கேட்காமல் தின்று தீர்த்தார்கள். "மாப்பிள்ளைக்கு உறைப்புக் காணாதாம்" என்று வெள்ளையம்மாள் சட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது சொல்லிவிட்டு வந்தாள். வந்து சிரித்தவளோடு சேர்ந்து சிரித்த சோணையம்மாள், கொஞ்ச நேரம் படியில் கிடந்த ஜோடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொழும்பில் அவன் என்ன செருப்புப் போட்டுக்கொண்டு திரிகிறானோ என்று ஒரு நினைப்பு வந்தது. தலையை உதறிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இந்தக் குடித்தனம் கீழக்கரையில் போய் உடைந்தது.

ஹமீதா பானு வீட்டு மகள் நஸீராவுக்கு இடுப்பு வலி கண்டு, ஆள் ஓடி வந்தது. மிதித்த மிதியில் உச்சி வெயிலுக்கு முன்னாலேயே சோணையம்மாள் அந்த வீட்டின் பெண்கள் வாசலில் நின்றாள். ஷூவை உதறிப் படியில் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சைக்கிளை வேலைக்காரப் பெண் கொல்லையில் கொண்டுபோய்ச் சாத்தினாள்.

அன்றைக்குப் பார்த்துத்தான் நஸீராவின் வாப்பா சதக்கத்துல்லா கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். மகளுக்கு வலி என்று கேட்டதும் நேரே பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார். வீட்டு ஆண்களே தொண்டையைச் செருமாமல் வராத அந்த வாசலில், சேறு படிந்த பெரிய ஆம்பளைச் சப்பாத்து. கைத்தடியைப் பிடித்துக்கொண்டு படியோரம் நின்றார்.

"ஹமீதா! உள்ள யாரு?"

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நர்ஸம்மா பாக்குறாக. நீங்க முன்வாசலுக்குப் போங்க."

"நர்ஸம்மா இருக்கட்டும். இந்தச் சப்பாத்துக்காரன் யாரு?"

"எந்தச் சப்பாத்துக்காரன்? புள்ள பெத்துக்கிட்டிருக்கா, நீங்க வேற!"

கதவு அடைபட்டது. அவர் நகரவில்லை. எவனாயிருந்தாலும் இந்த வழியாகத்தானே வந்தாக வேண்டும்! தடியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே குழந்தை வீறிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண் கலங்கினாரே தவிர தடியை இறக்கவில்லை.

கதவு திறந்தது. முந்தானையில் கை துடைத்தபடி சோணையம்மாள் வெளியே வந்தாள். "பேரன் பொறந்திருக்கான் மொதலாளி. தாயும் புள்ளையும் சொகமா இருக்காக" என்றாள். படியில் உட்கார்ந்து ஷூவுக்குள் காலை விட்டுக் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள்.

சதக்கத்துல்லா தடியைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். அவர் முகம் வெயிலில் வைத்த கத்தரிக்காய் மாதிரி சுருங்கியது. கதவுக்குப் பின்னாலிருந்து ஹமீதா பானுவின் சிரிப்பு தொடங்கி, உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் பரவியது.

அவர் செருமிக்கொண்டு குனிந்தார். "நர்ஸம்மா, தப்பா நினைக்காதிய. இது அகலங்கூடுன காலுக்குக் கடிக்காதா?"

"ஏன் கேக்குறிய?"

அவர் கொழும்பு பம்ப் ஷூவிலிருந்து வலது காலை மெல்ல விடுவித்துக் காட்டினார். சுண்டுவிரல் தக்காளிப் பழமாக வீங்கியிருந்தது. சோணையம்மாள் ஒரு ஷூவைக் கழற்றி நீட்டினாள். பேரன் பிறந்த வீட்டு வாசலில் மொதலாளி ஒற்றைக் காலில் நின்று, பஞ்சை எடுத்துவிட்டு, அதைப் போட்டு மிதித்துப் பார்த்தார். "யா அல்லா, என்னா சொகம்!" என்று கண்ணை மூடினார். கடை எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டார்.

இவ்வளவு பேர் சிரித்த சேதி மூடி வைத்தா நிற்கும்? சாயங்காலமே ஊருக்கு வந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறதென்று சோணையம்மாள் மறுநாள் ஷூவோடு ஊர் நடுவே மணியடித்துக்கொண்டு வந்தாள். ராமலெட்சுமி நடுத்தெருவில் சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப என் நண்டைத் தின்னது யாரு?"

"நானும் ஆயாவுந்தான். நல்லாத்தான் இருந்துச்சு. உறைப்பும் சரியாத்தான் இருந்துச்சு."

ராமலெட்சுமி கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு அவளே சிரித்துவிட்டு வழியை விட்டாள்.

அதன்பிறகு சோணையம்மாள் முதுகுளத்தூருக்கு மாற்றலாகிப் போனாள். அங்கே எத்தனையோ ஜோடி கான்வாஸ் ஷூ தேய்ந்தது. கரிசல் மண்ணில் மழைக்காலத்துச் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்போது இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சேற்றைச் சதக் சதக்கென்று மிதித்துக்கொண்டு, பிள்ளைப்பேறு பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.