அம்மாவின் நூல் சேலை

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அவர்களை நினைத்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு, நாரணாபுரத்திலிருந்து மூத்த மகன் கைகூப்பி எழுதுவது. நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா மல்லாங்கிணற்றில் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள். அப்பா தவறியபோது நான் ஐந்தாவது, தங்கை கைக்குழந்தை. மறு மாதமே அம்மா பட்டாசு கம்பெனிக்குச் சரவெடி பின்னப் போனார்கள். முப்பது வருடம் போனார்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு விளக்கேற்றாமல் வாயில் தண்ணீர் படாது.

கடைசி மூன்று வருடம் மறதி நோய். என் பெயர்கூட மறந்தது, அம்மன் பெயர் மறக்கவில்லை.

காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலு பேர் பார்க்க வருவார்களே என்று புது நைலக்ஸ் சேலை வாங்கிப் போனேன். என் மனைவி கட்டிவிட்டாள்.

"கழட்டுலே! உள்ள ஆளுக இருக்காக!"

அம்மா சேலையைப் பிய்த்து எறிந்தார்கள். குளுக்கோஸ் ஊசியும் சேர்ந்து வந்துவிட்டது. திரும்பக் கட்டினோம், திரும்ப எறிந்தார்கள். கையைக் கட்டினால்தான் மருந்து ஏறும் என்றார்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். நான்தான் சரி என்றேன். எங்களை வளர்த்த இரண்டு கைகளும் மூன்று நாள் கட்டிலோடு கட்டிக் கிடந்தன. அம்மா கஞ்சியும் குடிக்கவில்லை.

நாலாம் நாள் காலை, தாயில்பட்டிக்கார சிஸ்டர் ஒருவர் வேலைக்கு வந்தார். கட்டைப் பார்த்ததும் என்னிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, பெரியம்மா எங்கன வேலை பாத்தாக?"

"பட்டாசு கம்பெனியில."

"நைலக்ஸ் சேலை கட்டிப் போவாகளா?"

நான் அம்மா மேலிருந்த புதுச் சேலையைத் திரும்பிப் பார்த்தேன்.

"எங்க அம்மாவும் பட்டாசுக்குப் போனவதான். நைலக்ஸ் உரசுனா பொறி பறக்கும்னு கம்பெனி கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாக. நாரணாபுரத்துல இருந்துக்கிட்டு இது தெரியாதாக்கும்! போயி பழைய நூல் சேலைய கொண்டாங்க."

வெளியே பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன். மதியத்துக்குள் சேலை வந்தது. சிஸ்டர் கட்டை அவிழ்த்து, நூல் சேலையைக் கட்டிவிட்டார். அம்மா முந்தானையைத் தடவிப் பார்த்தார்கள்.

"இப்பச் சரி. உள்ள போவமா?"

"கஞ்சியக் குடிச்சிட்டுப் போவம் பெரியம்மா."

குடித்தார்கள். அதன் பிறகு ஊசியைத் தொடவேயில்லை.

புத்தி பேதலித்து எறிகிறார்கள் என்று நினைத்தோம். கம்பெனிக்கு உள்ளே இருக்கிற ஆட்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் எறிந்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் அம்மன் அழைத்துக்கொண்டாள். குளிப்பாட்டும்போதும் மணிக்கட்டில் தடம் இருந்தது.

இப்போது அந்த வார்டில், மறதியோடு வரும் பெரியவர்கள் என்ன வேலை பார்த்தார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று வீட்டாரிடம் கேட்டுத் தலைமாட்டில் எழுதி ஒட்டுகிறார்களாம். அந்த சிஸ்டருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நீங்கள் யாரும் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பிறந்த வீட்டுக் கோடியாகப் பளபளவென்ற சேலை கொண்டுவந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். "ஊரு என்னலே பேசும்?" என்று கோபித்தவர்கள், கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். பிறகு தாமே கடைக்குப் போய் நூல் சேலையாக மாற்றி வந்தார்கள்.

அம்மா நூல் சேலையோடுதான் நெருப்புக்குள் போனார்கள்.