கடல் என்ற பெயரில் பேசியவர்

செய்தி அவருடைய செட்டிலிருந்தே வந்தது. சாயங்காலம், ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். தையல் மேசையில் எப்போதும்போல வானொலி செட்டு ஓடிக்கொண்டிருந்தது. "கடல் பேசுது" என்று கேட்டதும் கையை நிறுத்தினேன். வார்த்தை அவருடையது, குரல் ஒரு பெண்ணுடையது. "கடல் வீட்டுலேருந்து பேசுறேன். அவரு இன்னிக்கி மத்தியானம் தவறிட்டாரு. நாளைக்கிக் காலையில எடுக்குறோம். அவரோட பேசுனவங்க எல்லாரும் வாங்க."

அந்தச் செட்டில் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை பேசலாம், விட்டால்தான் மற்றவர் சொல்வதைக் கேட்கலாம். அது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அழுத்திய கையை எடுக்கவே இல்லை. அவர் வீட்டு அழுகை எங்கள் காதில் விழுந்தது. நாங்கள் கூப்பிட்டது அங்கே போகவில்லை. பிறகு செட்டை அணைத்துவிட்டார். எங்கே வரவேண்டும் என்று கேட்க முடியவில்லையே என்று எங்களில் ஒருவரும் கவலைப்படவில்லை. கடல் எங்கே இருப்பார்? சி ரூசா கடற்கரையில்தான். வருஷக்கணக்காக எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

இதைப் படிக்கிற எல்லாரும் எங்கள் சேனல்காரர்களாக இருக்கமாட்டீர்கள். அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லோரிக்காரர்கள் வைத்திருப்பார்களே, பொத்தானை அழுத்திப் பேசுகிற செட்டு, அதை எண்பதுகளில் வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு பைத்தியமாய்ப் பேசித் திரிந்த கூட்டம் நாங்கள். நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் பல வீட்டுக் கூரைகளில் எங்கள் ஏரியல் கம்பி நின்றது. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். சோறு எப்போது வடிக்கவேண்டும் என்று எனக்குத் தெரிவதற்காகத்தான் தெமியாங்கில் எங்கள் வீட்டில் செட்டை மாட்டினார். மாட்டிய ஒரு மாசத்தில் சோறு குழைந்துபோகிற அளவுக்கு நான் பேச ஆரம்பித்துவிட்டேன்.

பாதிப் பேரிடம் லைசென்ஸ் கிடையாது. ஆகவே சொந்தப் பெயர், ஊர், தோட்டம் எதையும் சேனலில் சொல்லக்கூடாது, கேட்கவும் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். அப்படியானால் எப்படிக் கூப்பிட்டுக்கொள்வது? லிங்கி பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மெக்கானிக்காக இருந்தவர்தான் வழி சொன்னார். செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால் முதலில் கண்ணில் படுவது எதுவோ, அதுதான் பெயர். அவர் கண்ணில் பட்டது தண்ணித்தொட்டி. இன்றுவரை அவர் தண்ணித்தொட்டிதான். ரயில்கேட்டு, முருங்கைமரம் என்றெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு எதிரே பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு. வேறு பெயர் கேட்டுச் சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. "ஜன்னல மாத்து, பேர மாத்துறோம்லா" என்றுவிட்டார் தண்ணித்தொட்டி.

ஒருநாள் புதுக்குரல் ஒன்று வந்தது. கூச்சப்பட்ட குரல். தலையை நிமிர்த்திப் பார்த்துச் சொல்லுங்கள் என்றோம். "கடலு" என்றார். எங்களுக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. நாமெல்லாம் தொட்டியையும் கூண்டையும் பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தர் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! காற்று நன்றாக வருமா, மீன் மலிவாகக் கிடைக்குமா என்று எல்லாரும் மொய்த்துக்கொண்டோம். கடற்கரை என்றால் எங்களுக்குத் தெரிந்தது சி ரூசாதான். அங்கேதானே என்று யாரும் கேட்கவில்லை, கேட்கக்கூடாதே. ஆனால் நாங்களாகவே அவரை அங்கே குடிவைத்துவிட்டோம்.

இங்கே என் பெயரை மரியாதையாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். "கோழிக்கூண்டு அக்கா" என்பார். அதில் கேலி துளியும் இருக்காது. யார் கூப்பிட்டாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை "கேக்குது, சொல்லுங்க". எங்களில் பாதிப் பேர் கூப்பிட்டவரை விட்டுவிட்டுத் தங்கள் கதையை ஆரம்பிக்கிறவர்கள். அவர் மட்டும் கேட்பார். என் வீட்டுக்காரர் விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் என் புலம்பலைக் கேட்டவர் அவர். ஒருநாள்கூட "எல்லாம் சரியாயிடும்" என்று சும்மா சொன்னதில்லை. "இன்னிக்கி நீங்க சாப்டீங்களா அக்கா?" என்றுதான் கேட்பார்.

எங்கள் கட்டுப்பாடு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "வெளிய பேரக் கேட்டா அடுத்து அப்பா பேரக் கேப்பாங்க, அடுத்து என்னா வேலன்னு கேப்பாங்க, அதோட பேச்சு முடிஞ்சிரும். இங்க ஜன்னல மட்டும்தான் கேக்குறாங்க" என்று ஒருமுறை சொன்னார். அவர் கால் சரியில்லாதவர், தூரம் நடக்கமாட்டார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அதையும் ஒருநாள் வாய்தவறித்தான் சொன்னார்.

கடல் எப்படி இருக்கிறது என்று தினமும் விசாரிப்போம். அவர் சொல்வதில் சில சமயம் தலையும் புரியாது, வாலும் புரியாது. "சனிக்கிழமதான் அக்கா அலை ஜாஸ்தி, வெள்ள வெள்ளையா வரும்" என்பார். "மழ வருது, அலையெல்லாம் உள்ள ஓடிப்போச்சு" என்பார். கடற்கரைக்காரர்கள் பேச்சு அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். தண்ணித்தொட்டி கூரையில் திருப்புகிற மாதிரி ஒரு கம்பி வைத்திருந்தார். அதைக் கடற்கரைப் பக்கம் திருப்பினால் கடலின் குரல் குறையும், ஜெலேபு மலைப்பக்கம் திருப்பினால் கணீரென்று வரும். கம்பியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி ஒயரை மாற்றினார், கம்பியை மாற்றினார், கடைசியில் விற்ற கடைக்காரனோடு சண்டைக்கும் போனார். மெக்கானிக், அவருக்கே தோன்றவில்லை. எனக்கு எப்படித் தோன்றும்?

எல்லாரும் ஒருநாள் நேரில் கூடவேண்டும் என்று பேச்சு வந்தது. என் வீட்டிலேயே வைக்கலாம் என்றேன். எல்லாருக்கும் நடுவில் இருந்த இடம் அது. தண்ணித்தொட்டி வேண்டாம் என்றார். "கடலுக்குக் காலு சரியில்லலா. நம்ம அவருகிட்ட போவோம்." சரியென்றுதான் எல்லாருக்கும் பட்டது. அவருக்காகவே சி ரூசாவைத் தேர்ந்தெடுத்தோம். நாள் குறித்துச் சேனலில் சொன்னோம். "சரி, பாக்கலாம்" என்றார் அவர்.

அவர் வரவில்லை. சவுக்கு மரத்தடியில் பாயை விரித்துவிட்டு, நொண்டி நடக்கிற ஒவ்வொரு மனிதரையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். லோரி செட்டிலிருந்து கூப்பிட்டோம், பதில் இல்லை. அவருக்கென்று நான் ஒரு டின் முறுக்கு சுட்டுக் கொண்டுபோயிருந்தேன். மூடியில் நகச்சாயத்தால் "கடல்" என்று எழுதியிருந்தேன். திரும்பும்போது அதை அங்கே வாழைப்பழம் பொரித்து விற்கும் கோரெங் பீசாங் கடை வைத்திருந்த மலாய் அம்மாவிடம் கொடுத்து, கால் ஊனமான ஒரு தமிழர் வந்தால் கொடுக்கச் சொன்னேன். அன்று இரவே சேனலில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வரமுடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். சில நாள் கழித்து அவராகவே கூப்பிட்டு, "முறுக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு அக்கா" என்றார். என் மனசு குளிர்ந்துபோனது.

இனி மறுபடியும் சாவுக்கு வருகிறேன். மறுநாள் காலையில் லோரியில் மாலையோடு கிளம்பினோம். சி ரூசா கடற்கரைச் சாலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பந்தல் போட்ட வீட்டைத் தேடினோம். கூரையில் கம்பி நிற்கிற வீட்டைத் தேடினோம். எடுக்கிற நேரம் தாண்டிவிட்டது, மாலை வாடிவிட்டது, ஆண்பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழ ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் அந்தக் கோரெங் பீசாங் கடை அம்மாவைப் போய்க் கேட்டேன். "சினி தாக் அடா லா" என்று கையை விரித்தார். இந்தப் பக்கம் அப்படி யாருமே இல்லையாம். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு டின்னை எடுத்து வந்தார். மூடியில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. யாரும் வரவில்லை, கெட்டுப்போகுமே என்று தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாராம். டின்னை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். செத்த மனிதர் மேல் கோபம். முறுக்கு நல்லாயிருந்தது என்று எதற்காகப் பொய் சொல்லவேண்டும்? வீடு வரும் வரைக்கும் டின்னை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அந்தப் பெண்குரல். "அவரோட பேசுனவங்க ஒருத்தர்கூட வரலையே. ஒங்களப் பத்தித்தானே எந்நேரமும் சொல்லிக்கிட்டு இருப்பாரு. நாக்காலியெல்லாம் போட்டு வச்சிருந்தோம்." இந்த முறை பொத்தானை விட்டுவிட்டார். நான்தான் எங்கள் கட்டுப்பாட்டை உடைத்து, எந்த ஊரம்மா என்று கேட்டேன். ஜெலேபுவில் கோலா கிளாவாங்குக்கு அந்தப் பக்கம், மலைமேல் ஒரு ரப்பர் தோட்டம் என்றார். சேனலில் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

கருமாதிக்குப் போனோம். படத்தின் கீழே ராமையா என்று எழுதியிருந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டச் சரிவில் ஏறியபோது விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர், அதற்குப் பிறகு தோட்ட ஆபீசில் காவல் வேலை பார்த்தவர் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். செட்டு ஜன்னலோரம் அப்படியே இருந்தது. அவர் நாற்காலியில் தண்ணித்தொட்டி உட்கார்ந்து பார்த்தார், எழுந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினேன். எதிரே அடுத்த வரிசை வீட்டின் பின்சுவர். யாரோ மிச்சமிருந்த சாயத்தை அடித்திருக்கவேண்டும், முழுக்க நீலம். சுவரை ஒட்டிக் கொடி கட்டி, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளைக் காயப்போட்டிருந்தார்கள். அன்று சனிக்கிழமை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், சாவு வீட்டில். அப்புறம் அழுகையை நிறுத்த முடியவில்லை.

அவர் மனைவி சரோஜா என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "மொத நாளு வெளையாட்டாத்தான் அக்கா சொன்னாரு. நீங்கல்லாம் காத்து வருதா, மீனு கெடைக்குதான்னு கேக்கவும் அவருக்கு ஆசையாப் போச்சு. அப்பறம் உண்மையச் சொன்னா பேசமாட்டீங்களோன்னு பயந்துட்டாரு. நீங்க சி ரூசாவுல கூடுன அன்னிக்கி, புதுச் சட்ட போட்டுக்கிட்டு நாளெல்லாம் இங்கதான் ஒக்காந்திருந்தாரு. நீங்க லோரிலேருந்து கூப்புட்டது லேசாக் கேட்டுச்சாம். பதில் சொன்னா எங்க இருக்கன்னு கேப்பீங்கன்னு கம்முனு இருந்துட்டாரு."

அந்தக் காலோடு மூன்று பஸ் மாறி அவர் சி ரூசாவுக்கு வந்திருக்க முடியாது. தெமியாங்கில் என் வீட்டிலேயே கூடியிருந்தால் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்றே அவரால் வரமுடியாத இடத்தை நாங்கள் தேடிப் பிடித்திருக்கிறோம். இந்த ஒன்றைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அவரைப் போய் நேரில் பார்க்காமலே விட்டுவிட்டோம்.

டின் நிறைய முறுக்கு சுட்டுக் கொண்டுபோயிருந்தேன், அதே டின்னில். படத்துக்கு முன்னால் வைத்தேன். சரோஜா மூடியைப் பார்த்தார், ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "அந்த வாரமே என்னைய முறுக்கு சுடச் சொன்னாரு. தின்னுபுட்டு, 'அக்கா முறுக்கு மாரியே இருக்குமா?'ன்னு கேட்டாரு. நான் ஒங்க முறுக்கப் பாத்ததில்லையே, என்னத்தச் சொல்ல? எதயாவது தின்னாத்தானே நல்லா இருந்துச்சுன்னு சொல்லமுடியும்னு சொல்லி, தின்னுட்டுத்தான் ஒங்களக் கூப்புட்டாரு" என்றார். சி ரூசாவிலிருந்து திரும்பிய அன்று நான் பட்ட கோபம் எங்கே போய்ச்சேர்ந்ததோ தெரியவில்லை.

செட்டை விற்கவேண்டாம், நீங்களே பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். ஒருவர் பெயரை இன்னொருவருக்குக் கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. அவருக்காக அதை மாற்றவும் தயாராக இருந்தோம். சரோஜாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அது செவருதான் அக்கா" என்று சொல்லி, நீலச்சுவர் என்ற பெயரில் வர ஆரம்பித்தார்.

கடலிடமிருந்து என்னிடம் மிஞ்சியது, அவர் கையில் ஒருநாளும் படாத அந்த டின். அதில் இப்போது கொக்கிகள் போட்டு வைத்திருக்கிறேன். பிறகு, கூப்பிட்டவரை முதலில் பேசவிடுகிற அவருடைய பழக்கம். எனக்கு அது லேசில் வரவில்லை.

போன சனிக்கிழமை நீலச்சுவர் கூப்பிட்டார். பழக்கதோஷத்தில், அலை எப்படி என்று நான் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அவரோட புதுச் சட்டயத்தான் இன்னிக்கித் தொவச்சுப் போட்ருக்கேன் அக்கா" என்றார் சரோஜா. "ஒன்னே ஒன்னு."

பொத்தானை அழுத்தினேன். "கேக்குது, சொல்லும்மா" என்றேன்.